அரிசி வேஷம் போட்ட மக்ரோனி

மைசூரு நகரின் செலுவாம்பா மாளிகை உடையார் வம்சத்து இளவரசி ஒருவருக்காகக் கட்டப்பட்டது. 1950 அக்டோபரில் அது மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமாக மாறியது. சி.எஃப்.டி.ஆர்.ஐ. என்று மைசூருக்காரர்கள் சுருக்கமாகச் சொல்லும் அந்த இடத்தில், முதல் சில ஆண்டுகளிலேயே விஞ்ஞானிகள் விசித்திரமான ஒரு காரியத்தில் இறங்கினார்கள். மக்ரோனி பிழியும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு அரிசி செய்ய முயன்றார்கள்.

நாட்டில் அரிசிக்குப் பெரும் தட்டுப்பாடு இருந்த காலம் அது. 1943 வங்கப் பஞ்சத்தின் நினைவு யாருக்கும் மங்கவில்லை. தென்கோடியில் திருவிதாங்கூர் மக்கள் பாதி வயிற்றை மரவள்ளிக் கிழங்கால்தான் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்துப் பரப்பிய பயிர் அது. கிழங்கு பசியை அடக்கும். ஆனால் அதில் புரதம் என்று சொல்லிக்கொள்ள எதுவுமில்லை. நிறுவனத்தின் முதல் இயக்குநரான வி. சுப்பிரமணியனும் அவருடைய சகாக்களும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பெரும்பகுதி மரவள்ளி மாவு, அதோடு எண்ணெய் எடுத்த வேர்க்கடலை மாவு கொஞ்சம், கோதுமை ரவை கொஞ்சம். இவற்றைப் பிசைந்து அச்சில் பிழிந்து, அரிசி அளவுக்கு நறுக்கிக் காயவைத்தார்கள். பார்வைக்கு அரிசி. செய்முறையில் மக்ரோனி. 'மரவள்ளி மக்ரோனி' என்றும் 'செயற்கை அரிசி' என்றும் அதற்குப் பெயர் வந்தது.

இன்று அதே ஊரில் கேள்வி தலைகீழாகியிருக்கிறது. அன்று வயிறு நிறையப் போதுமான மாவு இல்லை. இன்று தட்டில் இருக்கும் மாவைக் குறைப்பது எப்படி என்று வீட்டுக்கு வீடு மண்டையைக் குடைந்துகொள்கிறார்கள். அன்று அரிசிக்குப் பதிலாக மக்ரோனி. இன்று மக்ரோனிக்குப் பதிலாக என்ன?

கேள்வி மேட்டுக்குடிச் சமாச்சாரம் போலத் தோன்றலாம். அப்படியல்ல. பாஸ்தா இப்போது இத்தாலிய ஓட்டல்களில் மட்டும் கிடைக்கும் பண்டம் இல்லை. மளிகைக் கடையில் சேமியா பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. பள்ளிக்கூட டிபன் டப்பாவில் எலுமிச்சைச் சாதத்தின் இடத்தைப் பிடித்துவிட்டது. சாயங்காலம் ஆபீஸ் முடிந்து வரும் அம்மாவுக்கு இருபது நிமிஷத்தில் முடியும் சமையல் அது. பிள்ளைகள் மறுபேச்சுப் பேசாமல் சாப்பிடுகிறார்கள். சிக்கல் தொடங்குவது அதே மேஜையில் உட்காரும் அப்பாவிடம்.

"ஏங்க, உங்களுக்கு ரெண்டு சப்பாத்தி போட்டுடட்டுமா? பாஸ்தா வேணாங்க, டாக்டர் சொன்னாரில்ல?"

"எல்லாரும் அதைச் சாப்பிடுவீங்க, நான் மட்டும் பத்தியமா?"

இந்த உரையாடலை மைசூரு சரஸ்வதிபுரத்துத் தமிழ் வீட்டில் கேட்கலாம். மாதுங்காவிலும் கேட்கலாம், கரோல்பாகிலும் கேட்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்காகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையம் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானபோது, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர் என்று கணக்கிட்டிருந்தது. நோயின் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடி. ஆகவே 'அப்பாவுக்குத் தனித் தட்டு' என்பது இனி ஒரு வீட்டுப் பிரச்சினை அல்ல. அந்தச் சப்பாத்தியும் மாவுதான் என்பது வேறு விஷயம்.

முதலில் பாஸ்தாவின் மீதுள்ள குற்றப்பத்திரிகையைப் பார்த்துவிடலாம். வேகவைக்காத பாஸ்தா 100 கிராமில் சுமார் 75 கிராம் மாவுச்சத்து. ஒருவர் சாப்பிடும் 80 கிராம் பாஸ்தாவில் 60 கிராம் வந்துவிடுகிறது. கேட்க அதிகமாகத் தோன்றும். ஆனால் பச்சரிசியில் 100 கிராமுக்கு 78 கிராம் இருக்கிறது. கோதுமை ரவையிலும் 75 கிராம்தான். அளவை மட்டும் பார்த்தால் பாஸ்தா நம் உப்புமாவுக்கோ சாதத்துக்கோ மூத்த குற்றவாளி அல்ல.

இன்னொரு விதத்தில் பார்த்தால் அது சற்று நல்ல பிள்ளை என்றே சொல்ல வேண்டும். எந்த உணவு எவ்வளவு வேகமாக ரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது என்று அளக்கும் முறையை 1981இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய சகாக்களும் வெளியிட்டார்கள். குளுக்கோஸுக்கு 100 மதிப்பெண். அந்த அளவுகோலில் நல்ல பாஸ்தா 50க்கு அக்கம்பக்கத்தில் நிற்கிறது. வெள்ளை ரொட்டியும் பல அரிசி வகைகளும் அதைவிட மேலே. காரணம், பாஸ்தாவுக்கு உகந்த டியூரம் என்னும் கெட்டிக் கோதுமை. அதன் ரவையை இறுகப் பிசைந்து அழுத்திப் பிழியும்போது புரதம் ஒரு வலைபோலப் பின்னிக்கொண்டு மாவுத் துகள்களைச் சிறைவைக்கிறது. குடலில் செரிமான நொதிகள் அந்த வலையை உடைத்து உள்ளே போக நேரமாகிறது.

ஆனால் இந்தச் சலுகைக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, அது டியூரம் ரவையாக இருக்க வேண்டும். மலிவான பாக்கெட்டுகளில் சாதாரணக் கோதுமை ரவையோ மைதாவோ இருக்கக்கூடும். பொருள் பட்டியலில் முதலில் எது இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு, இத்தாலியர்கள் செய்வதுபோல் நடுவில் ஒரு நூல் கடிபடும் பதத்தில் இறக்க வேண்டும். நம் வீடுகளில் இட்லியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வேகாத பாஸ்தா. இன்னும் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டுக் குழைத்து இறக்கினால் வலை தளர்ந்துவிடும், சலுகையும் போய்விடும்.

அடுத்து ராகி. மைசூருவில் இந்தப் பேச்சை ராகி இல்லாமல் முடிக்க முடியாது. நாட்டில் ராகி விளைச்சலில் கர்நாடகம்தான் முதலிடம். மைசூரு, மாண்டியா பக்கத்து விவசாயியின் ராகி முத்தே, தமிழர் களி என்று சொல்லும் அதே உருண்டை, தலைமுறைகளாக உழைப்பவர் உணவு. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு ராகி சேமியா, ராகி பாஸ்தா, ராகி நூடுல்ஸ் என்று கடைகள் நிறைந்துவிட்டன. 'ஷுகருக்கு நல்லது' என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ராகியில் சுண்ணாம்புச் சத்து ஏராளம்; 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல். வேறெந்தத் தானியமும் கிட்டே வராது. நார்ச்சத்தும் அரிசியைவிடப் பல மடங்கு. ஆனால் மாவுச்சத்து? பழைய ஊட்டச்சத்து அட்டவணைப்படி 100 கிராமில் 72 கிராம். பாஸ்தாவுக்கும் அதற்கும் வித்தியாசம் ஒரு தேக்கரண்டி மாவுகூட இல்லை. புரதமோ 7 கிராம்தான், கோதுமை ரவையைவிடக் குறைவு. மேலும், நைஸாக அரைத்த மாவைக் கிளறிக் களியாக்கும்போது அது சீக்கிரமே செரித்துவிடுகிறது. அறுவடை வயலில் நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்தவருக்கு இரண்டு முத்தே பொருத்தம். கம்ப்யூட்டர் முன்னால் எட்டு மணி நேரம் உட்கார்ந்தவருக்கு அதே இரண்டு முத்தே பொருத்தமாகுமா?

இது வெறும் ஊகம் அல்ல. 2025இல் நேச்சர் மெடிசின் இதழில் அதே சென்னை ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு இதைத்தான் சொல்கிறது. இந்தியர்களின் கலோரியில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், தீட்டிய தானியத்துக்குப் பதிலாக முழுக்கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறியதில் நீரிழிவு அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்திலிருந்து வரும் கலோரியில் ஒரு 5 சதவீதத்தைப் பருப்பு, பயறு, பால் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றியபோது குறைவு தெரிந்தது. தானியத்தின் ஜாதியைவிட அதன் அளவும், பக்கத்தில் எது வருகிறது என்பதும்தான் கணக்கில் வருகின்றன.

எவ்வளவு குறைக்க வேண்டும்? இதே ஆய்வுக் குழு 2022இல் ஒரு கணக்குப் போட்டது. புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்டவர்கள் அதிலிருந்து மீளவேண்டுமானால் மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதமாக இறங்க வேண்டும், புரதம் 20 சதவீதத்தை நெருங்க வேண்டும் என்றது. நாளொன்றுக்கு 1,800 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு 62 சதவீதம் என்றால் சுமார் 280 கிராம் மாவுச்சத்து. 50 சதவீதம் என்றால் 225 கிராம். வித்தியாசம் 55 கிராம். அதாவது, ஏறக்குறைய ஒரு தட்டு பாஸ்தா. நாளுக்கு ஒரு வேளையில் இந்த ஒரு தட்டை மாற்றிவிட்டாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடுகிறது. சாதத்தை அடியோடு ஒழித்து, கறியும் வெண்ணெயுமாக வாழும் தீவிர விரதங்கள் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. நம் வீடுகளில் அவை நெடுநாள் நிலைப்பதும் இல்லை.

சரி, அந்த ஒரு தட்டில் எதை வைப்பது? பாஸ்தாவில் மனிதர்கள் விரும்புவது எது என்று யோசித்தால் விடை கிடைக்கிறது. மாவுக்குத் தனி ருசி கிடையாது. நீளமாக, வழுக்கிக்கொண்டு, சற்றே கடிபட்டு வாய்க்குள் போகும் அந்த இழை. அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் தக்காளி, பூண்டு, எண்ணெய், உப்பு. இந்த இழைமோகம் இத்தாலிக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. மார்கோ போலோ சீனாவிலிருந்து கொண்டுவந்தார் என்பது கட்டுக்கதை. அவர் பிறப்பதற்கு முன்பே, 1154இல், சிசிலித் தீவில் நூல் போன்ற மாவுப் பண்டம் செய்து கப்பலில் ஏற்றி அனுப்புவதை அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி எழுதிவைத்துவிட்டார். தமிழருக்கு இடியாப்பம், கொங்குநாட்டுக்குச் சந்தகை, மைசூருக்கு ஒத்து ஷாவிகே. வெல்லம் போட்ட தேங்காய்ப் பாலில் ஷாவிகேயை ஊறவைத்துச் சாப்பிடுவது இந்த ஊர்க்காரர்களின் பலவீனம். துரதிர்ஷ்டவசமாக இவையெல்லாம் அரிசி மாவு. ருசியில் குறை சொல்ல முடியாது. மாவுச்சத்தில் பாஸ்தாவுக்குத் தோற்றவையும் அல்ல.

இழையும் கடியும் வேண்டும், மாவு வேண்டாம் என்றால் போக வேண்டிய இடம் காய்கறிக் கடை. வெளிநாட்டுச் சமையல் புத்தகங்கள் ஜூக்கினி என்னும் சீமைச் சுரைக்காயைச் சுருள் சுருளாகச் சீவச் சொல்கின்றன. அது இப்போது பெரிய கடைகளில் கிடைக்கிறது, விலையும் பெரிய கடை விலைதான். அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. மைசூருவில் நவிலுகோசு என்றும் தமிழில் நூல்கோல் என்றும் சொல்லும் காய் இந்த வேலைக்கு ஜூக்கினியைவிடப் பல படி மேல். 100 கிராமில் மாவுச்சத்து 4 கிராமுக்கும் குறைவு. தோலைத் தாராளமாகச் சீவிவிட்டு, முதலில் மெல்லிய வில்லைகளாகவும் பிறகு நீள நூல்களாகவும் அரிந்து, உப்புப் போட்ட கொதிநீரில் ஒன்றரை நிமிஷம் போட்டு வடிகட்டினால் போதும். கடி நிற்கும், தண்ணீர் விடாது, தக்காளிக் குழம்பு ஒட்டும். முற்றின காயை வாங்கிவிட்டால் மட்டும் எந்த வித்தையும் பலிக்காது. சணல் கயிற்றை மென்றது போலிருக்கும்.

புடலங்காய் இரண்டாவது. அதிலும் மாவுச்சத்து மூன்று, மூன்றரை கிராம்தான். நெடுக்காகப் பிளந்து விதையும் பஞ்சும் எடுத்துவிட்டு, பட்டை நாடாக்களாக அரிந்து, உப்புத் தூவிப் பத்து நிமிஷம் வைத்துப் பிழிந்துவிட வேண்டும். இந்தப் பிழிதலைச் சோம்பேறித்தனத்தால் விட்டுவிடுகிறவர்கள்தான் 'காய் பாஸ்தா தண்ணியா இருக்கு' என்று குறை சொல்கிறார்கள். பிழிந்த பிறகு நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் இரண்டே நிமிஷம் வதக்கினால் போதும். சுரைக்காய்க்கும் இதே வைத்தியம்தான். பீர்க்கங்காய் ஆகாது; குழைந்து கூட்டாகிவிடும். முட்டைக்கோஸ் நல்ல ஏழைப் பங்காளன். நீள நாடாவாக அரிந்து பெரிய தீயில் வதக்கினால் ஓரம் சிவந்து இனிப்பேறி, பாஸ்தாவை மறக்கவைக்கிற அளவுக்கு இல்லாவிட்டாலும், மன்னிக்கவைக்கிற அளவுக்கு வருகிறது.

நஞ்சன்கூடு பக்கம் வாழை விளையும் ஊர் என்பதால் வாழைத்தண்டைச் சொல்லாமல் விட்டால் மைசூருக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். அதில் மாவுச்சத்து 100 கிராமுக்கு 10 கிராம் வரை போகும், மற்றக் காய்களைவிட அதிகம். வெந்த பாஸ்தாவில் 100 கிராமுக்கு 30 கிராம் என்பதை நினைத்தால் அது பெரிய தப்பில்லை. ஆனால் தண்டு மொறுமொறுப்பானது, வழுக்காது. நாரைச் சுற்றி எடுத்து, பொடியாக அரிந்து, மற்றக் காய் நாடாக்களோடு கலந்தால்தான் சோபிக்கும்.

காய் மட்டும் சாப்பிட்டால் ஒன்பது மணிக்குப் பசி எடுத்து பிஸ்கட் டப்பாவைத் திறக்க நேரிடும். இந்த இடத்தில்தான் பெரும்பாலான பத்தியச் சமையல்கள் தோற்கின்றன. 250 கிராம் புடலங்காயில் மாவுச்சத்து வெறும் 8 கிராம், புரதம் அதைவிடக் குறைவு. தட்டு நிறையும், வயிறு நிறையாது. புரதமும் கொஞ்சம் கொழுப்பும் சேர்ந்தால்தான் திருப்தி வரும். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு வழி சுலபம். இரண்டு முட்டையைக் காகிதம் போல மெல்லிய ஆம்லெட்டாக ஊற்றி, பாயைப் போலச் சுருட்டி, கத்தியால் மெல்லிசாக அரிந்து உதறினால் மஞ்சள் நாடாக்கள் கிடைக்கும். சுமார் 13 கிராம் புரதம், மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம். நூல்கோல் நூலோடு இதைக் கலந்து மிளகு தூவிக் கொடுத்தால் பிள்ளைகளும் பங்கு கேட்கிறார்கள்.

சைவக்காரர்களுக்குக் குஜராத்திகள் ஒரு நல்ல காரியம் செய்து வைத்திருக்கிறார்கள். கான்ட்வி என்பது அதன் பெயர். ஒரு பங்கு கடலை மாவை மூன்று பங்கு மோரில் கரைத்து, மஞ்சளும் உப்பும் சேர்த்துக் கட்டிதட்டாமல் கிளறி, சுடச்சுடத் தட்டின் பின்புறத்தில் மெழுகுவதுபோல் தேய்த்துவிட வேண்டும். ஆறியதும் நாடாக்களாக வெட்டி உரித்தால், அசல் பாஸ்தா நாடாவுக்கும் இதற்கும் கண்ணால் வித்தியாசம் காண்பது கஷ்டம். கடலை மாவிலும் 100 கிராமுக்கு 60 கிராம் மாவுச்சத்து உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மோர் சேர்ந்து மாவு விரிவதால் ஒருவருக்கு 50 கிராம் மாவே ஏராளம். 30 கிராம் மாவுச்சத்து, 10 கிராம் புரதம். பாஸ்தாவில் இருப்பதில் பாதி. கடலைப் பருப்பின் மாவு மெதுவாகச் செரிப்பது கூடுதல் லாபம். மரவள்ளியோடு கடலை மாவு சேர்த்த அந்த 1950களின் விஞ்ஞானிகள் பார்த்தால் தலையசைத்திருப்பார்கள். அவர்கள் சேர்த்தது வேர்க்கடலை.

சோயாவில் மாவுச்சத்து 21 கிராம், புரதம் 43 கிராம். ஆகவே சோயா மாவைக் கால்பங்கு கடலை மாவோடு கலந்து சேவை நாழியில் பிழிந்து ஆவியில் வேகவைக்கிறவர்களும் உண்டு. பச்சை வாசனை போக மாவை முதலில் வறுத்துக்கொள்ள வேண்டும். வறுத்த பிறகும் கொஞ்சம் மீதி இருக்கத்தான் செய்யும். பூண்டும் மிளகாயும் அதைச் சமாளிக்கும்.

கடைகளில் இன்னொன்றும் வந்திருக்கிறது. ஜப்பானியரின் ஷிராதாகி. ஈரப் பாக்கெட்டில் மிதக்கும் கண்ணாடி நூல். 97 சதவீதம் தண்ணீர், மிச்சம் குளுக்கோமன்னான் என்னும் நார். மாவுச்சத்து கிட்டத்தட்ட பூஜ்யம். இது கொஞ்சாக் என்னும் கிழங்கிலிருந்து வருகிறது. அது நம் சேனைக்கிழங்கின் நெருங்கிய சொந்தம். 'அப்படியானால் சேனையில் செய்யக்கூடாதா?' என்று கேட்கத் தோன்றும். முடியாது. சேனையில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு மாதிரி, தம்பி ஒரு மாதிரி. ஷிராதாகியை நன்றாக அலசி, வெறும் சட்டியில் தண்ணீர் சுண்ட வறட்டினால்தான் மீன் வாடை போகும். ரப்பர் போன்ற கடி சிலருக்குப் பிடிக்கிறது. விலையைப் பார்த்தால் மாதம் ஒருமுறை விருந்தாளிக்குச் செய்யலாம். தினசரிக்குப் புடலங்காய் இருக்கிறது.

மேலே ஊற்றும் குழம்பில் கோட்டைவிட்டால் கீழே செய்த மிச்சமெல்லாம் வீண். பாட்டில் தக்காளி சாஸில் சர்க்கரை இருக்கிறது. வெள்ளை சாஸ் என்பது மைதாவைப் பாலில் காய்ச்சுவதுதான். பதிலுக்குத் துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிரோ, அரைத்த வேர்க்கடலையோ, தேங்காய்ப் பாலோ போதும். மார்கழி, தை மாதங்களில் மைசூருவில் அவரைக்காய் குவியும். ஊறவைத்துத் தோல் பிதுக்கிய பருப்பை, தமிழ்நாட்டின் எல்லை மாவட்டங்களில் பிதுக்கம்பருப்பு என்பதை, தக்காளி, பூண்டு, கொத்துமல்லியோடு குழம்பாக்கிக் காய் நாடாக்களின் மேல் ஊற்றினால், அதுவே புரதம், அதுவே சாஸ். இத்தாலியர் யாரும் இதை ஏற்கமாட்டார்கள். அவர்கள் ஏற்க வேண்டிய அவசியமும் இல்லை.

பிள்ளைகள் உள்ள வீட்டில் பாதிக்குப் பாதி என்ற ஏற்பாடு நடைமுறைக்குப் பொருந்துகிறது. ஆளுக்கு 40 கிராம் நிஜப் பாஸ்தா, கடிபடும் பதத்தில். அதோடு 150 கிராம் நூல்கோல் நூல். மாவுச்சத்து 36 கிராமோடு நின்றுவிடுகிறது. எல்லோருக்கும் ஒரே பாத்திரம். அப்பாவுக்குத் தனித் தட்டு போட வேண்டாம், அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் வேண்டாம். வளரும் பிள்ளைகளுக்கு மாவைக் குறைக்க வேண்டிய காரணம் இல்லை. அவர்கள் தட்டில் பாஸ்தாவைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுவிடலாம்.

இனி சொல்வதை அலட்சியம் செய்யக்கூடாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் திடீரென்று மாவுச்சத்தைப் பாதியாக்கினால் ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். மருந்து பழைய அளவிலேயே வேலை செய்துகொண்டிருக்கும், சாப்பாடுதான் மாறியிருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் அது இதுவாக இருக்கலாம். அந்த நேரத்தில் நினைவு தப்பாதிருந்தால் சர்க்கரைத் தண்ணீர்தான் முதல் மருந்து. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் சேரும் வேறொரு ஆபத்து உண்டு. சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலே அது வரக்கூடும் என்பதால் கண்டுபிடிப்பதும் தாமதமாகும். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் புரதத்தைத் தாங்களாகவே கூட்டக் கூடாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இந்தச் சோதனைகளுக்கு ஆளல்ல. மருந்து எழுதியவரிடம், 'ராத்திரிச் சாப்பாட்டை இப்படி மாற்றப் போகிறோம், டோஸைக் குறைக்க வேண்டுமா?' என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பலன் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஒரு வாரம் போதும். திங்கள்கிழமை ராத்திரி வழக்கமான பாஸ்தா. சாப்பிட உட்காரும்போது ஒரு முறை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை விரலில் குத்திப் பார்த்து எழுதிவைக்க வேண்டும். புதன்கிழமை பாதிக்குப் பாதி. வெள்ளிக்கிழமை ராகி சேமியா. மூன்று நாளும் அதே நேரம், அதே மருந்து, தட்டில் ஏறக்குறைய அதே எடை. ஒவ்வொரு நாளும் முதல் எண்ணுக்கும் இரண்டாவது எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சமையலறைக் காலண்டரில் அந்தந்தத் தேதிக்குக் கீழே குறித்துவைத்தால், அடுத்த மாத மளிகைச் சீட்டில் எது இருக்கும், எது இருக்காது என்பது தானாகவே முடிவாகிவிடும்.